மூதவையில் யார் மூத்தவர்? மூப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும் முறை

எங்கள் ஊர் வாசிகசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் மூதவையை (செனற் சபையை)ப் பற்றிய பாடத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அங்கே உறுப்பினர்களை ஒன்று முதல் நூறு வரை மூப்பு வரிசையில் நிறுத்துகிறார்களாமே, அது எந்தக் கணக்கில் என்று என்னிடம் கேட்டார். நான் அரசியல் படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்து அரச அலுவலகங்களில் இலிகிதராகத் தொடங்கிப் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன். உத்தியோகத்தர்களின் சேவை மூப்புப் பட்டியலை ஆண்டுதோறும் திருத்தி எழுதியே என் கண்ணாடியின் தடிப்புக் கூடியது. ஆனால் அந்த ஆசிரியருக்காக அமெரிக்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட பட்டியலை ஒரு மாணவர் தானே தயாரிப்பதற்கும், வேறொருவர் தயாரித்ததைச் சரிபார்ப்பதற்கும் உரிய முறையை இங்கே எழுதுகிறேன்.

நமக்கும் ஒரு மூதவை இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1947 முதல் 1971 ஒக்ரோபர் 2ஆம் திகதி வரை இலங்கையில் 30 உறுப்பினர்களைக் கொண்ட மூதவை இயங்கியது. 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரை மகாதேசாதிபதி நியமித்தார். ஆனால் அங்கே மூப்பு வரிசைக்குப் பெரிய பெறுமதி இருக்கவில்லை. 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதிநிதிகள் சபையில் இருக்கவில்லை. புதிதாக மூதவைக்கு வந்தே நாட்டை நடத்தினார். 1965இல் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானதும் மூதவை வழியாகத்தான். நேற்று வந்தவர் அமைச்சராகலாம் என்ற அவையில், யார் முதலில் வந்தார் என்று ஒருவரும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அமெரிக்க மூதவையில் அமைச்சர்கள் உறுப்பினர்களாக இருக்க முடியாது. அதிகாரம் குழுக்களின் தலைமையில் தங்கியிருக்கிறது; தலைமையோ பெரும்பாலும் மூப்பைப் பின்தொடர்கிறது. பட்டியலுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பட்டியல் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மூப்பு என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு வரிசைகளைக் குறிக்கிறார்கள். முதலாவது, அவை முழுவதற்குமான வரிசை. இரண்டாவது, மாநிலத்துக்குள் உள்ள வரிசை: ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு உறுப்பினர் என்பதால் ஒருவர் மூத்த உறுப்பினர், மற்றவர் இளைய உறுப்பினர். மூன்றாவது, ஒவ்வொரு குழுவிலும் கட்சிவாரியாகக் கணிக்கப்படும் வரிசை. முதலிரண்டும் ஒரே தரவிலிருந்து வருவன. அவை வரிசை சரியாக இருந்தால் மாநில வரிசை தானாகவே விழும். குழு வரிசைக்குத் தனித் தரவு வேண்டும், ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து. இருபது ஆண்டு அவையில் இருந்தவர் இன்று ஒரு புதிய குழுவுக்குப் போனால் அந்தக் குழுவில் அவர் கடைசி ஆள்தான். இந்த மூன்றையும் ஒரே தாளில் கலந்துவிட்ட மாணவர் குறிப்புகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்; கலந்த பின்னர் பிரிப்பது, அரிசியோடு கலந்த உளுந்தைப் பிரிப்பதிலும் கரைச்சலான வேலை.

நான்காவதாக ஒன்றையும் சிலர் மூப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். மூதவை உறுப்பினர்கள் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று பிரிக்கப்பட்டிருப்பார்கள். அது ஆறு ஆண்டுப் பதவிக்காலம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதைக் காட்டும் பிரிவு மட்டுமே. 1789இல் சீட்டுப் போட்டுப் பிரித்தது. நமது மூதவையிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறும் ஏற்பாடு இருந்ததே, அதைப் போன்றது. முதலாம் வகுப்புக்காரர் மூன்றாம் வகுப்புக்காரரை விட உயர்ந்தவர் என்று எழுதிவிடாதீர்கள்.

திகதிப் பத்தி

நூறு பெயருக்கு ஒரு கொப்பி போதும். பெயர், மாநிலம் ஆகிய இரண்டுக்கும் அடுத்த பத்தியில் (மேலிருந்து கீழாகச் செல்லும் நிரலில்) தொடர்ச்சியான சேவை தொடங்கிய திகதியை எழுதுங்கள். பட்டியலின் பத்தில் ஒன்பது பங்கு வேலை இந்தப் பத்தியில்தான் இருக்கிறது. வயதையும், தேர்தலில் வென்ற திகதியையும், புகழையும் இங்கே எண்ணுவதில்லை. 1941இல் பிறந்த பேர்ணி சாண்டர்ஸ் மூதவைக்கு வந்தது 2007இல். அவரிலும் பதினொரு ஆண்டு இளையவரான சூசன் கொலின்ஸ் 1997இலேயே வந்துவிட்டார். ஆகவே கொலின்ஸே மூத்தவர்.

பொதுத் தேர்தலில் வென்றவர்களுக்கு அநேகமாக ஜனவரி 3ஆம் திகதி வரும். 1933இல் நடைமுறைக்கு வந்த 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்த நாளைத் தீர்மானித்தது. அதற்கு முந்திய காலத்துப் பட்டியல்களில் மார்ச் 4ஐக் காண்பீர்கள். ஜனவரி 3 அல்லாத திகதி கண்ணில் பட்டால் அங்கே நிறுத்தி, ஏன் என்று விசாரியுங்கள். அநேகமாக ஒரு மரணமோ, பதவி விலகலோ, இடைத்தேர்தலோ அதற்குப் பின்னால் இருக்கும்.

கன்சாஸ் மாநிலத்தை எடுத்துப் பார்ப்போம். 1996 நவம்பரில் அந்த மாநிலத்தின் இரண்டு ஆசனங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. ஓர் ஆசனத்தை வென்ற பற் றொபேட்ஸ், பிரதிநிதிகள் சபையில் 16 ஆண்டுகள் இருந்து பழுத்தவர். மற்றதை வென்ற சாம் பிறவுண்பக், அதே சபையில் இரண்டே ஆண்டு இருந்தவர். ஆனால் பிறவுண்பக் வென்றது, ஜனாதிபதித் தேர்தலுக்காகப் பதவி விலகிய பொப் டோலின் ஆசனத்துக்கான இடைத்தேர்தல். இடைத்தேர்தல் ஆகையால் அவர் நவம்பர் 7ஆம் திகதியே சேவையைத் தொடங்கினார்; றொபேட்ஸ் 1997 ஜனவரி 3 வரை காத்திருந்தார். இரண்டு மாதத்துக்கும் குறைந்த அந்த இடைவெளியால் பிறவுண்பக் 2011இல் மூதவையை விட்டுப் போகும் வரை பதினான்கு ஆண்டுகள் றொபேட்ஸ் இளைய உறுப்பினராகவே இருந்தார். கலிபோர்னியாவிலும் 1992இல் இதே கதைதான்: டயான் பைன்ஸ்டைன் இடைத்தேர்தலில் வென்று நவம்பரிலேயே வந்தார், அதே நாளில் வென்ற பார்பரா பொக்சர் ஜனவரியில் வந்தார்.

முந்துவதற்கு வழி உள்ளதுபோலப் பிந்துவதற்கும் வழி உண்டு. மேற்கு வேர்ஜினியாவின் ஆளுநராக இருந்த ஜே றொக்பெலர் 1984 தேர்தலில் மூதவைக்கு வென்றார். ஆனால் ஆளுநர் பதவிக்காலம் முடியும் வரை இருந்துவிட்டு 1985 ஜனவரி 15ஆம் திகதியே சத்தியப்பிரமாணம் செய்தார். அதே தேர்தலில் வென்ற கென்ரக்கியின் மிச் மக்கொனல் ஜனவரி 3ஆம் திகதி வந்துவிட்டார். இருவரும் ஒரே நாளில் வந்திருந்தால், ஆளுநராக இருந்தவர் என்ற தகுதியில் றொக்பெலர் மேலே நின்றிருப்பார். பன்னிரண்டு நாட்கள் தாமதித்ததால் கீழே நின்றார். அதே ஆண்டு ஜோன் கெரிக்கு நடந்தது மறுவளம்: அவருக்கு முன்னர் அந்த ஆசனத்தில் இருந்தவர் ஒரு நாள் முன்னதாக விலகியதால், கெரியின் திகதி ஜனவரி 2 ஆயிற்று. ஒரே ஒரு நாள் அவரை ஜனவரி 3 ஆட்கள் எல்லாருக்கும் மேலே ஏற்றிவிட்டது. றொக்பெலரைப் போலவே ஆளுநர் பதவியை முடித்துக்கொண்டு வந்தவர்கள் பின்னரும் உண்டு: புளோரிடாவின் றிக் ஸ்கொற் 2019 ஜனவரி 8, மேற்கு வேர்ஜினியாவின் ஜிம் ஜஸ்டிஸ் 2025 ஜனவரி 14.

இதை எழுதும்போது நான் வேலை செய்த அலுவலகம் ஒன்றில் நடந்தது ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டு இலிகிதர்களுக்கு ஒரே திகதியிட்ட நியமனக் கடிதம். ஒருவர் அன்றைக்கே வந்து கையெழுத்து வைத்தார். மற்றவர் பாதை பூட்டியிருந்ததால் நான்காம் நாள் வந்தார். பட்டியலைத் தயாரித்தவர் நியமனத் திகதியைப் பார்த்து இருவரையும் சமமாக்கி, அகரவரிசைப்படி பிந்தி வந்தவரை மேலே போட்டுவிட்டார். பதவி உயர்வு வந்தபோதுதான் பிழை தெரிந்தது. கடமையேற்ற திகதியைத் தேடி வரவுப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தேர்தலில் வென்ற நாள் நியமனக் கடிதம் போன்றது. நீங்கள் தேடவேண்டியது கடமையேற்ற நாளை.

நியமன உறுப்பினருக்கும் இடைத்தேர்தலில் வென்றவருக்கும் அந்த நாள் எது என்பது, அவை அப்போது கூட்டத்தொடரில் இருந்ததா, ஒத்திவைக்கப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்து மாறும். அதை நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். மூதவையே தன் உறுப்பினர்களின் சேவைத் திகதிகளை வெளியிடுகிறது. அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். பத்திரிகைச் செய்தியில் வரும் சத்தியப்பிரமாணத் திகதி சில வேளைகளில் ஓரிரு நாள் வேறுபடும்.

இடையில் விட்டுப் போனவர்கள்

தொடர்ச்சியான என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். விட்டுப் போய்த் திரும்பி வந்தவருக்குத் திகதி புதிதாகத் தொடங்கும். தென் கரோலைனாவின் ஸ்ரொம் தேர்மண்ட் 1954இல் மூதவைக்கு வந்தார்; வாக்காளருக்குக் கொடுத்த வாக்கின்படி 1956 ஏப்ரலில் விலகி, மீண்டும் போட்டியிட்டு அந்த நவம்பரில் திரும்பினார். வெளியே இருந்தது சில மாதங்கள்தான். இருந்தாலும் அவருடைய தொடர்ச்சியான சேவை 1956 நவம்பர் 7 முதல்தான் எண்ணப்படுகிறது. நியூ ஜேர்சியின் பிராங் லோட்டன்பேர்க் 18 ஆண்டுகள் இருந்துவிட்டு 2001இல் ஓய்வு பெற்று, 2003இல் திரும்பியபோது புதியவர்களின் அணியில்தான் நின்றார்.

இந்த விதியின் கடுமை அல்பன் பார்க்லியின் வாழ்க்கையில் நன்றாகத் தெரிகிறது. கென்ரக்கியைச் சேர்ந்த அவர் 1927 முதல் மூதவையில் இருந்து, தன் கட்சியின் தலைவராக அவையை நடத்தி, பிறகு நாட்டின் உப ஜனாதிபதியாகவும் இருந்தவர். 1955இல் மூதவைக்குத் திரும்பி வந்தபோது அவருக்கு மூப்பு இல்லை. பின்வரிசையில் புதியவர்களோடு அமர்ந்தார். 1956 ஏப்ரல் 30ஆம் திகதி பல்கலைக்கழக நிகழ்ச்சி ஒன்றில் அதைப் பற்றியே பேசினார். வலியவர்களின் ஆசனங்களில் இருப்பதை விடக் கர்த்தரின் வீட்டில் ஊழியனாக இருப்பதையே விரும்புகிறேன் என்று சொல்லி முடித்த இடத்தில் சரிந்து விழுந்து இறந்தார்.

ஆனால் பழைய சேவை முற்றாக வீணாவதில்லை. ஒரே திகதியில் பலர் வரும்போது அதுதான் முதல் அளவுகோல்.

திகதி ஒன்றானால்

ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேர் வருவது வழமை. அவர்களைப் பிரிக்கும் படிமுறை அரசியலமைப்பில் இல்லை, வழக்கத்தால் நிலைபெற்றது. முன்னர் மூதவையில் இருந்தவர் முதலில்; அடுத்து உப ஜனாதிபதியாக இருந்தவர்; அடுத்து பிரதிநிதிகள் சபையில் இருந்தவர்; அதற்கும் அடுத்ததாக ஜனாதிபதியின் அமைச்சரவையில் இருந்தவர்; பின்னர் மாநில ஆளுநராக இருந்தவர். எந்தப் படியிலும் ஒன்றுக்கு மேற்பட்டோர் நின்றால், அந்தப் பதவியில் நீண்ட காலம் இருந்தவர் முந்துவார். இவை எதுவும் பிரிக்காவிட்டால் மாநிலத்தின் சனத்தொகை. அதுவும் பிரிக்காவிட்டால் குடும்பப் பெயரின் அகரவரிசை. கொப்பியில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரு படி தீர்ந்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆளுநராக எட்டு ஆண்டுகள் இருந்தவரும், பிரதிநிதிகள் சபையில் ஓர் ஆண்டு இருந்தவருக்குக் கீழேதான்.

செய்து பார்ப்பதற்கு மிகவும் பொருத்தமானது 1997 ஜனவரி 3 அணி. அன்று பதினான்கு பேர் வந்தார்கள். முன்னைய மூதவை உறுப்பினரோ உப ஜனாதிபதியோ அவர்களில் இல்லை. ஆகவே நேரே பிரதிநிதிகள் சபைக்குப் போகலாம். கன்சாஸின் றொபேட்ஸுக்கு அங்கே 16 ஆண்டுகள்; அவர் முதலாவது. இலினோய் மாநிலத்தின் டிக் டேர்பினுக்கும் நியூ ஜேர்சியின் றொபேட் ரொறிசெலிக்கும் தலா 14 ஆண்டுகள். இங்கே சனத்தொகையை எடுக்க வேண்டும்: 1990 குடிசன மதிப்பீட்டின்படி இலினோய் 114 இலட்சம், நியூ ஜேர்சி 77 இலட்சம். டேர்பின் இரண்டாவது, ரொறிசெலி மூன்றாவது. 10 ஆண்டுகள் இருந்த தெற்கு டகோட்டாவின் ரிம் ஜோன்சன் நான்காவது. ஆறு ஆண்டுகளோடு மறுபடியும் இருவர்: 33 இலட்சம் பேருள்ள கொலராடோவின் வெயின் அலார்ட் ஐந்தாவது, 10 இலட்சம் பேருள்ள றோட் ஐலண்டின் ஜக் றீட் ஆறாவது. நான்கு ஆண்டுகள் இருந்த ஆர்க்கன்சாவின் ரிம் ஹட்சின்சன் ஏழாவது.

மிஞ்சிய ஏழு பேரும் பிரதிநிதிகள் சபையில் இருந்ததில்லை. அமைச்சரவையிலோ ஆளுநர் பதவியிலோ இருந்தவர்களும் அல்லர். எனவே முழுவதும் சனத்தொகைக் கணக்கு. ஜோர்ஜியாவின் மக்ஸ் கிளீலன்ட், லூசியானாவின் மேரி லன்ட்றூ, அலபாமாவின் ஜெஃப் செஷன்ஸ், ஓரிகனின் கோர்டன் ஸ்மித், நெப்ராஸ்காவின் சக் ஹேகல், மெயின் மாநிலத்தின் சூசன் கொலின்ஸ், ஆகக் கடைசியாக 4.5 இலட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த வயோமிங்கின் மைக் என்சி. நூறு பேர் கொண்ட அவையில் என்சி அன்று நூறாவது, கொலின்ஸ் தொண்ணூற்றொன்பதாவது.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழுக்கி விழும் குழி ஒன்று இருக்கிறது. சனத்தொகையை இன்றைய இணையப் பக்கத்தில் பார்த்து எழுதக்கூடாது. உறுப்பினர் வந்த நாளில் நடைமுறையில் இருந்த கடைசிக் குடிசன மதிப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும். 1990இல் லூசியானா 42.2 இலட்சம், அலபாமா 40.4 இலட்சம், ஆகவே லன்ட்றூ மேலே, செஷன்ஸ் கீழே. 2010 மதிப்பீட்டில் அலபாமா 47.8 இலட்சமாகவும் லூசியானா 45.3 இலட்சமாகவும் தலைகீழாகிவிட்டன. பிழையான ஆண்டை எடுத்தால் இருவரும் இடம் மாறிவிடுவார்கள், நீங்களும் பிழையைக் கண்டுபிடிக்கமாட்டீர்கள். ஏனென்றால் கணக்கு முறை சரியாகத்தான் இருக்கும்.

அமைச்சரவைப் படியையும் ஆளுநர் படியையும் பழகுவதற்கு 2009 ஜனவரி 3 அணியைப் பாருங்கள். கொலராடோவின் மார்க் யூடோலும் நியூ மெக்சிக்கோவின் ரொம் யூடோலும் சகோதரர் இருவரின் மக்கள். நம் வழக்கில் சொன்னால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். இருவரும் பிரதிநிதிகள் சபைக்கு ஒரே நாளில் போய், பத்து ஆண்டுகள் இருந்து, ஒரே நாளில் மூதவைக்கு வந்தார்கள். குடும்பத்தில் ரொம்மே வயதில் மூத்தவர். ஆனால் கொலராடோவின் சனத்தொகை அதிகம் என்பதால் பட்டியலில் மார்க் மேலே. அடுத்தவர் விவசாயச் செயலாளராக அமைச்சரவையில் இருந்த நெப்ராஸ்காவின் மைக் ஜொகான்ஸ். பின்னர் ஆளுநர்கள்: ஆறு ஆண்டுகள் இருந்த நியூ ஹம்ப்ஷயரின் ஜீன் ஷஹீன், நான்கு ஆண்டுகள் இருந்த வேர்ஜினியாவின் மார்க் வோர்னர், சில மாதங்களே இருந்த ஐடஹோவின் ஜிம் றிஷ். நியூ ஹம்ப்ஷயர் சிறிய மாநிலம், வேர்ஜினியா பெரியது என்று இங்கே யோசிக்கக் கூடாது. ஆளுநர் ஆண்டுகளே பிரித்துவிட்டதால் சனத்தொகைக்கு வேலை இல்லை.

அகரவரிசை வரை போவது அபூர்வம், ஒரே மாநிலத்தின் இருவரும் ஒரே நாளில் வந்தாலே அது நடக்கும். 2021 ஜனவரி 20இல் ஜோர்ஜியாவுக்கு அது நடந்தது. ஜோன் ஒசொஃப், ரஃபாயேல் வோர்னொக் இருவருக்கும் முன்னைய பதவி எதுவும் இல்லை. மாநிலம் ஒன்று, ஆகவே சனத்தொகையும் ஒன்று. ஆங்கில அகரவரிசையில் முந்திய 33 வயது ஒசொஃப் மூத்த உறுப்பினரானார். அவரிலும் பதினெட்டு வயது கூடிய வோர்னொக் இளைய உறுப்பினர். தமிழில் பெயர்களை எழுதிக்கொண்டு தமிழ் அகரவரிசையில் அடுக்கிவிடாதீர்கள். அந்தப் படிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கணினியில் செய்பவர்களுக்கு

கொப்பியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. எக்செலில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாம் நாளை முதலில் எழுதுவோம். அவர்களுடைய 01/03/1997 என்பது ஜனவரி 3. நம் ஊர்க் கணினியில் ஒட்டினால் அது மார்ச் 1 ஆகிவிடும். ஜனவரி 3 ஆட்கள் எல்லாரும் ஒன்றாகவே மார்ச்சுக்குப் போவதால் முதற்பார்வையில் ஒன்றும் தெரியாது. றொக்பெலரின் 01/15/1985தான் காட்டிக்கொடுக்கும்: பதினைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் கணினி அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும்; வரிசைப்படுத்தும்போது அவர் 1985ஐ விட்டு அடியில் போய் விழுவார். அந்த ஆசிரியர் கொண்டுவந்த முதற் பட்டியலில் இப்படித்தான் சிலர் அடியில் குவிந்திருந்தார்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 1997-01-03 என்று தட்டச்சுச் செய்தால் எந்தக் கணினியும் குழம்பாது. வரிசைப்படுத்தும்போது திகதியை ஏறுவரிசையிலும், முன்னைய சேவை ஆண்டுகளையும் சனத்தொகையையும் இறங்குவரிசையிலும், மேலே சொன்ன படிமுறையின் ஒழுங்கிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள்.

சரிபார்ப்பது

2025 ஜனவரியில் தயாரிக்கும் பட்டியலின் முதல் ஏழு பெயர்கள் இப்படி வர வேண்டும்: சக் கிராஸ்லி (1981), மிச் மக்கொனல் (1985), பற்றி மரே (1993), றொன் வைடன் (1996), டிக் டேர்பின், ஜக் றீட், சூசன் கொலின்ஸ் (மூவரும் 1997). கிராஸ்லி வந்தது 1981 ஜனவரி 3. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிவதற்கு ஐந்து மாதங்கள் முன்னர். அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளை காணும் வயது நெருங்குகிறது. 1997 அணியில் பதினான்கு பேரில் மூவரே எஞ்சியிருக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குள் இருந்த ஒழுங்கு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தொண்ணூற்றொன்பதாவதாக இருந்த கொலின்ஸ் ஒருவரையும் முந்தாமலே ஏழாவதானார். மேலே இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

இரண்டாவது சோதனையாக ஒவ்வொரு மாநிலத்தையும் எடுத்து, மூத்தவர் யார், இளையவர் யார் என்று தனியே எழுதிப் பாருங்கள். ஹவாய் போன்ற மாநிலம் உங்களைத் திகைக்க வைக்கும். 1963 முதல் இருந்த டானியல் இனூயே 2012 டிசம்பர் 17இல் இறந்தார். மற்ற உறுப்பினர் டானியல் அகாகா 2013 ஜனவரி 3இல் ஓய்வு பெற்றார். இனூயேயின் இடத்துக்கு நியமிக்கப்பட்ட பிறயன் ஷாட்ஸ் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்தார். நவம்பரிலேயே மக்கள் வாக்கால் தெரிவான மேசி ஹிறோனோ ஜனவரி 3இல் வந்தார். நியமிக்கப்பட்டவர் மூத்த உறுப்பினர், வாக்குப் பெற்றவர் இளையவர். நியாயமா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை; பட்டியலுக்கு அந்தக் கேள்வி தெரியாது.

வரிசையால் என்ன கிடைக்கிறது என்பதைக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது, பரீட்சையில் அதையும் கேட்கலாம். தேர்தல் முடிந்ததும் அலுவலக அறைகளை மூப்புப்படி தெரிவு செய்வார்கள். கீழே உள்ளவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். பெரும்பான்மைக் கட்சியின் மிக மூத்த உறுப்பினரை அவையின் இடைக்காலத் தலைவராகத் தெரிவு செய்வது வழக்கம். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் ஜனாதிபதிப் பதவிக்கான வரிசையில் உப ஜனாதிபதி, பிரதிநிதிகள் சபைச் சபாநாயகர் ஆகியோருக்கு அடுத்தவர். இதுவும் வழக்கமே என்பதற்கு 2023 சாட்சி: மூத்தவரான பைன்ஸ்டைன் வேண்டாம் என்றதால் பற்றி மரே அந்தப் பதவிக்கு வந்த முதற் பெண்ணானார். குழுத் தலைமையிலும் மூப்பு தனியாட்சி செய்வதில்லை. குடியரசுக் கட்சி தன் குழுத் தலைவர்களுக்கு ஆறு ஆண்டு எல்லை வைத்திருப்பதால், மேலே நிற்பவர் தலைவராக இருந்தே தீர வேண்டும் என்று எழுத முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சலுகை மேசைதான். பழைய காலத்துப் புகழ்பெற்ற மூதவை உறுப்பினர் டானியல் வெப்ஸ்டர் பயன்படுத்திய மேசை, 1974இல் நிறைவேறிய தீர்மானத்தின்படி நியூ ஹம்ப்ஷயரின் மூத்த உறுப்பினருக்கே உரியது; அதே காலத்து உறுப்பினர் ஹென்றி கிளேயின் மேசை கென்ரக்கியின் மூத்த உறுப்பினருக்கு. நம் அலுவலகங்களில் யன்னலோரத்து மேசைக்கு நடந்த போட்டிகளை நினைத்தால், இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்தது புத்தியான காரியம் என்று படுகிறது.

ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவருக்குக் கீழே உள்ள எல்லா எண்களும் ஒன்று குறையும். ஆகவே எண்களைப் பென்சிலால் எழுதுங்கள். திகதிகளைப் பேனாவால் எழுதலாம், அவை மாறா. தாளின் அடியில், பட்டியல் எந்தத் திகதியில் உள்ள நிலை என்பதைக் கட்டாயம் குறியுங்கள். திகதியில்லாத மூப்புப் பட்டியலை என் மேசைக்குக் கொண்டுவந்த இலிகிதர்களை நான் திருப்பி அனுப்பியதுண்டு.

பழகுவதற்கு 2007 ஜனவரி 4இல் கூடிய அவையின் புதியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் சேவை எண்ணப்படுவது ஜனவரி 3 முதல். குடிசன மதிப்பீடு 2000ஆம் ஆண்டினது. மேரிலாண்டின் பென் கார்டின் பிரதிநிதிகள் சபையில் 20 ஆண்டுகள், வெர்மொண்டின் சாண்டர்ஸ் 16, ஒகையோவின் ஷெறொட் பிறவுண் 14. சபையில் இராதவர்கள்: பென்சில்வேனியாவின் பொப் கேசி, வேர்ஜினியாவின் ஜிம் வெப், தெனசியின் பொப் கோர்க்கர், மிசூரியின் கிளயர் மக்கஸ்கில், மினசோட்டாவின் ஏமி குளோபச்சர், றோட் ஐலண்டின் ஷெல்டன் வைற்ஹவுஸ், மொன்டானாவின் ஜோன் ரெஸ்டர். இவர்களை நான் ஏற்கெனவே சரியான ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறேன். தாளை மூடிக்கொண்டு பெயர்களைக் குலுக்கி அடுக்கிப் பாருங்கள். தெனசிக்கும் மிசூரிக்கும் இடையே ஓர் இலட்சம் பேர்கூட வித்தியாசம் இல்லை. பிழைவிடும் பிள்ளை அந்த இடத்தில்தான் பிழைவிடும்.